கடலின் பெயரை இரவல் வாங்க வேண்டாம்

உடைந்த போத்தல் ஓடுகளை இயந்திரத்தில் உருட்டி, கூர் மழுங்கச் செய்து, காதணியாகவும் மாலையாகவும் கோர்த்து விற்பது பல நாடுகளில் வீட்டுக் கைத்தொழிலாக நடக்கிறது. நம் மாணவியரும் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைக் 'கடற்கண்ணாடி' என்று சொல்லி விற்கக் கூடாது.

கடற்கண்ணாடி என்றால் என்ன? கடலில் விழுந்த கண்ணாடி அலையிலும் மணலிலும் பல பத்தாண்டுகள் புரண்டு, ஓரம் தேய்ந்து, மேற்பரப்பு மங்கி, கரைக்குத் திரும்பி வருவது. இங்கிலாந்தின் சீஹாம் ஊரில் 1921இல் மூடப்பட்ட போத்தல் தொழிற்சாலையின் கழிவுகளைக் கடல் இன்னும் கரையில் ஒதுக்குகிறது. கலிபோர்னியாவின் போர்ட் பிராக் நகரம் 1906 முதல் 1967 வரை கடலோரத்தில் கொட்டிய குப்பை இன்று 'கண்ணாடிக் கடற்கரை' என்று பெயர் பெற்றுள்ளது. மனிதன் எறிந்த குப்பையைக் கடல் பொறுமையாக மெருகேற்றிக் கொடுத்திருக்கிறது.

இயந்திரம் இதே வேலையைச் சில நாட்களில் செய்கிறது. றப்பர் உட்பூச்சுள்ள சிறு உருளையில் கண்ணாடித் துண்டுகள், கூழாங்கற்கள், சிலிக்கன் காபைட் தூள், தண்ணீர் ஆகியவற்றை முக்கால் பங்கு நிரப்பி, மோட்டாரால் இரவு பகலாகச் சுழல விடுவார்கள். பளபளப்பு ஏறும் முன் நிறுத்திவிட்டால் மங்கலான தோற்றம் கிடைத்துவிடும். கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் ஏறத்தாழ 5.5, மணலின் கடினம் 7, சிலிக்கன் காபைட்டின் கடினம் 9க்கு மேல். பாடப் புத்தகத்தில் மனனம் செய்யும் இந்த அளவுகோல் இங்கே கையில் தட்டுப்படுகிறது.

பெற்றோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. கண்ணாடியை உடைக்கும்போது துணியில் சுற்றி உடைக்க வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் வேண்டும். தூள் மூச்சில் ஏறாதபடி எப்போதும் தண்ணீருடனேயே சுழற்ற வேண்டும். மிஞ்சும் சேற்றைக் குழாயில் ஊற்றினால் சீமெந்து போல் இறுகி அடைத்துக்கொள்ளும். அமிலத்தில் தோய்த்து மங்கலாக்கும் குறுக்கு வழியும் உண்டு. அதற்குப் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உயிரையே பறிக்கும். வீட்டு வாசலுக்கும் அது வரக் கூடாது. இவற்றைக் கவனித்தால், பெண்பிள்ளை கையில் இயந்திரம் எதற்கு என்று தடுக்கக் காரணம் இல்லை.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். "வாங்குகிறவருக்கு அழகுதானே வேண்டும், எங்கே செய்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அழகு மட்டும்தான் வேண்டும் என்றால் உண்மையான பெயரைச் சொல்லியே விற்கலாமே! கடலின் பெயர் அதிக விலை தருகிறது என்பதால்தான் அதை ஒட்டுகிறார்கள். உற்றுப் பார்த்தால் வேறுபாடும் தெரியும்: கடலில் கிடந்ததில் பிறை வடிவச் சிறு வடுக்கள் இருக்கும், உப்புநீர் அரித்த தடம் இருக்கும். இயந்திரத்தில் உருண்டது எங்கும் ஒரே சீராக இருக்கும்.

மருதமுனைக் கைத்தறிச் சேலையை நினைத்துப் பாருங்கள். விசைத்தறித் துணிக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்றால், ஏமாறுவது வாங்குகிறவர் மட்டுமல்ல; தறியில் குந்தியிருந்து நெய்தவரின் உழைப்பும் களவு போகிறது.

நம் கரையில் இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வரையுள்ள மணலில் இன்று ஒதுங்கும் ஒரு கண்ணாடித் துண்டு, அன்று கடலோடு போன ஒரு வீட்டின் யன்னலாகவோ ஒரு உம்மாவின் மருந்துப் போத்தலாகவோ இருந்திருக்கலாம். நாலு நாள் உருளையில் சுழன்ற துண்டுக்கு அந்தக் கதையைக் கடன் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே தோழியரே, செய்யுங்கள். வீதியோரம் கிடந்து காலைக் கிழிக்கும் போத்தல் ஓட்டை அணிகலனாக்குவது பெருமைக்குரிய வேலை. பொதியின் மேல் 'கையால் தெரிந்தெடுத்து, வீட்டில் உருட்டிய போத்தல் கண்ணாடி' என்று எழுதுங்கள். விலை சற்றுக் குறையலாம். ஆனால் ஒருமுறை வாங்கியவர் உங்களை நம்பி மறுமுறையும் வருவார்.