மண்வெட்டியும் குறிப்பேடும்

பாடசாலைத் தோட்டம் யாருடைய பொறுப்பு என்று வினவுவோமாயின், வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: விவசாய ஆசிரியருடையது. விஞ்ஞான ஆசிரியருக்கு ஆய்வுகூடம், விவசாய ஆசிரியருக்குத் தோட்டம் என்ற இப்பங்கீடு இயல்பானது போலத் தோன்றுகின்றது. எமது விஞ்ஞானக் கல்வி மலடாகிப் போனமைக்குரிய காரணங்களுள் இப்பங்கீடும் ஒன்று என்பதே எனது வாதம்.

நான் பயின்ற பாடசாலையிலும் தோட்டம் இருந்தது. பிந்தி வந்தோர் தண்ணீர் அள்ளி ஊற்றுவதற்கும், வீட்டுவேலை செய்யாதோர் புல்லுப் பிடுங்குவதற்கும் அது பயன்பட்டது. மேற்பார்வைக் குழுவொன்று வரவிருந்த ஆண்டிலே, முதல்நாள் மாலை கத்தரிக் கன்றுகள் விலைக்கு வாங்கப்பட்டுப் பொலித்தீன் பையுடனேயே புதைக்கப்பட்டன. குழுவினர் பாராட்டிச் சென்றனர். மாதம் முடியுமுன் கன்றுகள் வாடின. அவை ஏன் வாடின என்று எவரும் எம்மிடம் கேட்கவில்லை. அதே மாதத்திலேதான் வேரின் தொழில்களை இலக்கமிட்டு எழுதி மனனஞ் செய்துகொண்டிருந்தோம்.

கரும்பலகையில் நாம் எழுதும் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டின் பின்னே ஒரு தொட்டிச் செடி நிற்கின்றது. வான் எல்மொன்ற் என்பார் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 இறாத்தலாயிற்று; மண் இழந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்சு. மரம் நீராலேயே ஆயிற்று என்று அவர் கொண்ட முடிவு பிழை, நிறுவை பிழையன்று. 1648 இல் வெளிவந்த அந்தப் பிழை, காற்றைப் பற்றிப் பின்வந்தோர் கேட்பதற்கு இடம் வைத்தது. மெண்டலும் 1856 முதல் 1863 வரை மடாலயத் தோட்டமொன்றிலே பட்டாணி வளர்த்தவரே. எமது மாணவர் அறிவதோ 3:1 என்ற விகிதத்தை மட்டும்.

செலவில்லாத ஒரு பரிசோதனையைக் கூறுகின்றேன். இரு பாத்திகளிற் கௌபி விதைக்க. ஒன்றுக்கு யூரியா இடுக, மற்றதற்கு இடாதிருக்க. ஆறாம் வாரத்திற் சில செடிகளை வேர் அறாமற் கிளப்பிக் கழுவி, வேர்ச் சிறுகணுக்களை எண்ணுக. யூரியா பெற்ற வேர்களிற் பொதுவாக அவை குறைந்திருக்கும்; எளிதாக நைதரசன் கிடைக்குமிடத்துத் தாவரம் பற்றீரியாவுக்கு விருந்தோம்புவதில்லை. ஒரு கணுவைச் சவர அலகால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம். எமது குருதியின் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருப்பின் அக்கணு நைதரசனைப் பதிப்பதில்லை. இதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. விளைவு தலைகீழாக வந்தால் இன்னும் நன்று: மதில் நிழலா, சென்ற போகத்தில் இட்ட எருவா, எண்ணியவரின் கவனக்குறைவா என்று வகுப்பு வாதிடத் தொடங்கும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்போர் 2021 ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அடுத்துவந்த பெரும்போகத்தின் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. யூரியா நஞ்சு என்றனர் ஒருசாரார். வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை அறிந்தோர் அதனை முற்றாக மறுக்கவும் இயலாது. யூரியா இன்றி ஏதும் விளையாது என்றனர் மறுசாரார். ஓர் ஏக்கர் நெல் எவ்வளவு நைதரசனை எடுக்கும், ஒரு வண்டில் எரு எவ்வளவைத் திருப்பித் தரும் என்ற வினா அரிதாகவே எழுந்தது. நாடு முழுவதும் ஒரே பாத்தியாக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுப் பாத்தியொன்று விடப்படவில்லை. வாதிட்டோருட் பலர் நைதரசன் வட்டத்தை அழகாக வரைந்து புள்ளி பெற்றவர்களே. (2022 இல் வீட்டுத்தோட்டஞ் செய்யவென்று அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டமை தனிக்கதை.)

இங்கு ஓர் எதிர்ப்பு எழும். அதனை நான் இலேசாகக் கொள்ளவில்லை. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியபோது, கமக்காரன் மகனைக் கமத்திலேயே நிறுத்தும் சூழ்ச்சி இது எனப் பெற்றோர் ஐயுற்றனர். மலையகத்திலோ ‘தோட்டப் பாடசாலை’ என்ற சொல்லே வேறு வரலாற்றைச் சுமப்பது. நாளெல்லாம் கொழுந்து பறித்துவரும் தாய், தன் மகள் பாடசாலையிலும் மண்வெட்டி பிடிப்பதைக் காணச் சகியாள். அவளது அச்சம் நியாயமானதே. விளைச்சலுக்காகவும் பரிசுக்காகவும் தண்டனைக்காகவும் நடத்தப்படும் தோட்டம் அவள் அஞ்சுகின்ற அதே தோட்டந்தான். குறிப்பேடின்றி மண்வெட்டி மட்டும் கையிலிருப்பின் அது கூலிவேலை. கூலியும் இல்லாத வேலை. ஆதலினாலேயே தோட்டம் விஞ்ஞான வகுப்பின் நேரசூசிக்குள் வரவேண்டும் என்கின்றேன். கொழும்பின் பெரிய கல்லூரிகளிலும் வரவேண்டும் என்கின்றேன். ஏழைப் பிள்ளைக்கு மட்டுமே தோட்டம் என்றால், நானும் அத்தாயின் பக்கமே நிற்பேன்.

பரீட்சை இதற்கு இடந்தராது என்று ஆசிரியரைக் குறைகூறுமுன், எம்மையும் நோக்க வேண்டும். உயர்தர மாணவர்க்குக் கருத்தரங்கு நடத்தவென்று பல்கலைக்கழக மாணவராகிய நாம் ஊரூராகச் செல்கின்றோம். முன்னோடி வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து செல்கின்றோம். எதிர்பார்க்கை வினாக்களைச் சொல்லிக் கைதட்டும் பெறுகின்றோம். வேர்ச் சிறுகணுவை ஒருநாளும் தொட்டறியாதவர், அதனைத் தொட்டறியாதவர்க்கு அதனைப் பற்றி விரிவுரை நிகழ்த்துகின்றோம். அடுத்த தடவை அக்கட்டுகளோடு கால் கிலோ கௌபி விதையும் ஒரு தராசும் கொண்டுசெல்வதில் எமக்குள்ள தடை யாது? செலவன்று. ஆறு வாரங் கழித்து அதே பாடசாலைக்கு மீண்டும் ஒருமுறை செல்ல வேண்டியிருக்கும்.