மருத்துவருக்குத் துணை நிற்பவர்



யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். காலை முதல் மாலை வரை மக்கள் மோயீசனைச் சூழ்ந்து நிற்கின்றனர். வழக்குகள் அனைத்தையும் அவர் ஒருவரே கேட்டுத் தீர்க்கிறார். இவ்வாறு சென்றால் மருமகனும் நலிவார், மக்களும் நலிவர் என்பதைக் கண்ட மாமனார் ஒரு வழி கூறுகிறார். தகுதியுடையோரைத் தேர்ந்து கற்பித்துப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். எளிய வழக்குகளை அவர்கள் தீர்க்கட்டும், கடினமானவை மட்டும் மோயீசனிடம் வரட்டும் என்பதே அந்த வழி.

1960-களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மருத்துவ உலகிற்கும் இதே அறிவுரை தேவைப்பட்டது. பெருநகரங்களில் சிறப்பு மருத்துவர்கள் பெருகினர். சிற்றூர்களிலோ முதிய மருத்துவர் ஒருவர் மறைந்தால் அவர் இடத்திற்கு வருவார் இல்லை. வட கரோலினா மாநிலத்தின் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்னும் மருத்துவர் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார். ஹென்றி ட்ரெட்வெல் என்ற கறுப்பினத்தவரைத் தாமே பயிற்றுவித்து உடன் வைத்துக்கொண்டார். ட்ரெட்வெல் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் மருத்துவர் வெளியூர் சென்ற நாள்களிலும் நோயாளருக்குக் கவனிப்புக் கிடைத்தது.

இதனை அறிந்திருந்த டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட், 1965-இல் கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு ஒரு வகுப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபர் 6-ஆம் நாள் அவர்களுள் மூவர் பயிற்சியை நிறைவு செய்தனர். பிசிஷியன் அசிஸ்டெண்ட், அதாவது மருத்துவரின் உதவியாளர் என்னும் தொழில் இவ்வாறு பிறந்தது. இவர் கம்பவுண்டர் அல்லர், நர்சும் அல்லர். நோயாளியைச் சோதித்து, நோயைக் கண்டறிந்து, மருத்துவருடன் இணைந்து சிகிச்சை அளிப்பவர். இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இவர் மருந்துச் சீட்டு எழுதலாம்.

இத்தொழிலின் வரலாற்றில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரிக்கும் இடம் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் உள்ள பிலிப்பை என்னும் ஊரில் பாப்டிஸ்து சபையைச் சார்ந்த ஆல்டர்சன் பிராடஸ் கல்லூரி இருந்தது. அவ்வூர் மருத்துவர் ஹூ மையர்ஸின் முயற்சியால் 1968-இல் அங்கே இப்பயிற்சி முதன்முறையாக இளநிலைப் பட்டப் படிப்பாகத் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற பெருநகரக் கழகம் எதுவும் செய்யத் துணியாததை, மருத்துவர் பற்றாக்குறையைத் தன் வாசலிலேயே கண்ட ஒரு மலைநாட்டுக் கல்லூரி செய்தது. பணத் தட்டுப்பாட்டால் 2023-இல் அக்கல்லூரி மூடப்பட்டது. அது காட்டிய பாதையோ மூடப்படவில்லை.

இன்று இப்பயிற்சி முதுநிலைப் பட்டமாக உயர்ந்துள்ளது. பெரும்பாலும் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களே இதில் சேர்கின்றனர். ஆம்புலன்சிலோ முதியோர் இல்லத்திலோ நோயாளருக்குப் பணிவிடை செய்த அனுபவத்தையும் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. பயிற்சிக் காலம் ஏறத்தாழ 27 மாதம். முதற்பகுதியில் உடற்கூறு, உடலியல், மருந்தியல், நோய் கண்டறியும் முறை ஆகியவை இடைவிடாமல் கற்பிக்கப்படும். மறுபகுதியில் குடும்ப மருத்துவம், அறுவை, அவசர சிகிச்சை, குழந்தை நலம், மகளிர் நலம், மன நலம் எனத் துறைதோறும் மாறி மாறிச் சுமார் 2,000 மணி நேரம் நோயாளரிடையே பயில வேண்டும். இறுதியில் 300 வினாக்கள் கொண்ட தேசியத் தேர்வு உண்டு. தேறிய பின்பும் ஓய்வில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை 100 மணி நேரத் தொடர்கல்விக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இத்தனை பாடங்களிலும் கடினமானது ஒன்று உண்டு. அது எந்தப் பாடநூலிலும் தனி அத்தியாயமாக இராது. 'இது என் அறிவுக்கு அப்பாற்பட்டது, மருத்துவரை அழைக்கிறேன்' என்று தக்க நேரத்தில் கூறக் கற்பதே அது. தன் எல்லையை அறியாத உதவியாளர் நோயாளிக்கு ஆபத்து. எல்லைக்குள் இருப்பதையும் செய்ய அஞ்சி, எல்லாவற்றிற்கும் மருத்துவரை எதிர்நோக்குபவரால் எவருக்கும் பயனில்லை. துணிவும் பணிவும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க வேண்டிய தொழில் இது.

இப்பயிற்சியை இன்று கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பலவும் அளிக்கின்றன. மில்வாக்கி நகரில் சேசு சபையாரின் மார்க்வெட், பென்சில்வேனியாவில் பிரான்சிஸ்கன் சபையாரின் புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம், ஈரி மறைமாவட்டத்தைச் சார்ந்த கானன், கலிபோர்னியாவில் அட்வெந்து சபையாரின் லோமா லிண்டா ஆகியவை அவற்றுட் சில. இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. உடற்கூறு சமயம் பார்ப்பதில்லை. தேசியத் தேர்வும் அனைவருக்கும் ஒன்றே. அவ்வாறாயின் 'கிறிஸ்தவ' என்னும் அடைமொழி எதற்கு?

பக்தி திறமைக்கு ஈடாகாது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். செபிக்கத் தெரிந்தவர் மருந்தின் அளவில் தவறிழைத்தால் நோயாளிக்கு நேரும் தீங்கு குறைந்துவிடாது. ஆகவே நன்றாகக் கற்பிப்பதே கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் முதற் கடமை. லோமா லிண்டாவில் எல்லாத் துறை மாணவர்களும் சமயப் பாடமும் கற்கின்றனர். நோயாளி ஓர் உறுப்போ, ஓர் எண்ணோ அல்லர். அச்சமும் நம்பிக்கையும் குடும்பமும் உடைய முழு மனிதர் என்பதை நினைவூட்டவே இத்தகைய பாடங்கள். இது நன்றே. எனினும் ஒரு பல்கலைக்கழகம் கிறிஸ்துவுக்கு உரியதா என்பதைப் பாடத்திட்டம் மட்டும் காட்டிவிடாது. அதன் மாணவர் படிப்பு முடிந்து எங்கே போகின்றனர் என்பதைக் கொண்டே அதனை அறியலாம்.

இங்கேதான் நெஞ்சை உறுத்தும் உண்மை ஒன்று நிற்கிறது. மருத்துவர் இல்லாத ஊர்களுக்காகவே இத்தொழில் தோன்றியது. தொடக்கக் காலத்தில் இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைச் சிகிச்சையில் பணியாற்றினர். இன்றோ ஏறத்தாழ நாலில் ஒருவரே அங்கு உள்ளார். ஏனையோர் ஊதியம் மிகுந்த அறுவை, தோல் நலம் முதலிய சிறப்புத் துறைகளை நாடுகின்றனர். அவர்களை மட்டும் குறை கூறலாமா? தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிற்சிக் கட்டணமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கழுத்தளவு கடனோடு வெளியேறும் இளைஞரிடம் 'ஏழைகளிடம் போ' என்று உபதேசிப்பது எளிது. அக்கடனை அவர் தலையில் ஏற்றிய நிறுவனமே அவ்வாறு உபதேசிப்பது பொருந்துமா? மருத்துவ வசதி குறைந்த பகுதியில் இரண்டாண்டு பணி செய்ய உடன்படுவோரின் கல்விக் கடனில் ஒரு பகுதியை அந்நாட்டு அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. அரசே இதனை உணர்ந்து செயற்படும்போது, இயேசுவின் பெயரைச் சூடிய நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும் அன்றோ?

பெற்றோரே, இச்செய்தி தொலைநாட்டோடு நின்றுவிடுவது அன்று. இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இப்பயிற்சியை இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கினார். இன்று தமிழகத்தில் இது பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 2021-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டமும் இத்தொழிலை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. எனினும் அமெரிக்க உதவியாளருக்கு உள்ள உரிமைகள் இங்கே அப்படியே கிடைப்பதில்லை. இங்கு இவர் தனித்து மருத்துவம் பார்க்கும் மருத்துவர் அல்லர். பிள்ளையைச் சேர்க்குமுன், கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் உண்டா, பயிற்சி தரும் மருத்துவமனை எது என்பவற்றை நேரில் விசாரித்து அறியுங்கள்.

ஆயினும், எம்.பி.பி.எஸ். இடம் கிட்டவில்லை என்று வாடும் மகனிடமோ மகளிடமோ, 'இனி உனக்கு இதுதான் கதி' என்ற குரலில் இதனைப் பற்றிப் பேசாதீர்கள். தோல்வியின் எச்சமாக ஒரு தொழிலில் நுழைபவர் அங்கே தம்மையும் மதிக்கமாட்டார், நோயாளியையும் மதிக்கமாட்டார். மோயீசனுக்குத் துணைநின்ற அந்த மனிதருள் ஒருவர் பெயரையேனும் அவ்வதிகாரம் கூறவில்லை. எனினும் கூடாரத்தின் முன் காத்துக் கிடந்த ஏழை அன்று மாலை வீடு திரும்ப முடிந்தது அவர்களால்தான். பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிக் குடும்பமாக அமர்ந்து பேசும்போது, எந்த இடம் உயர்ந்தது என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். எங்கே நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.