வீட்டில்தானே இருக்கிறாள்?

போன மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிறைவு விழா. என் அக்கா மகளும் தையல் பயிற்சி முடித்திருந்ததால் நானும் போயிருந்தேன். பேச வந்த ஒருவர் மைக்கைப் பிடித்தவுடன் சொன்னார்: "தையலப் போல ஒரு தொழில் உண்டாம்மா? வாசப்படி தாண்ட வேண்டாம். மெஷின் பாட்டுக்கு ஓடும், பிள்ளை பாட்டுக்கு விளையாடும். சம்பாதிச்ச மாதிரியும் ஆச்சு, பிள்ளைய வளத்த மாதிரியும் ஆச்சு." மண்டபம் முழுக்கக் கைதட்டல். மடியில் பிள்ளையை வைத்திருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒன்றரை வயதுப் பிள்ளை எந்த வீட்டில் அதுபாட்டுக்கு விளையாடியிருக்கிறது? அதுவும் தையல் மெஷின் இருக்கிற வீட்டில்? தரையெல்லாம் ஊசி, கொக்கி, பட்டன். கையில் அகப்பட்டதை வாயில் போடுகிற வயசு அது. மோட்டார் வைத்த மெஷினில் பெல்ட் ஓடும்போது பிஞ்சு விரல் அதற்குள் போக எத்தனை நொடி ஆகும்? இஸ்திரிப் பெட்டியின் வயர் கட்டிலுக்குக் கீழே தொங்குகிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பட்டுப் புடவையின் பிளவுஸ் துணியில் அளவு குறித்து, கத்திரி வைத்த நேரத்தில் பிள்ளை வீறிட்டால், வெட்டு ஒரு விரற்கடை தள்ளிப் போகும். அந்தத் துணிக்கு மாற்று கிடையாது. காசு கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியது தைக்கிறவள்தான். மேடையில் பேசியவர் இதில் பங்கு போடமாட்டார்.

அதனால் இந்தப் பெண்கள் எப்போது தைக்கிறார்கள் தெரியுமா? பிள்ளை தூங்கிய பிறகு. ராத்திரி பத்துக்கு உட்கார்ந்து ஒரு மணி, ஒன்றரை மணி வரைக்கும். ஆவணி முகூர்த்தம், தை முகூர்த்தம் என்றால் விடியவிடிய. எங்கள் தெருவில் நடுநிசியில் மெஷின் சத்தம் கேட்காத நாள் குறைவு. காலையில் எழுந்து அதே பெண் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பகலெல்லாம் பிள்ளை பின்னால் ஓட வேண்டும். இதற்குத்தான் ரெண்டையும் பார்த்துக்கொள்வது என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளோ இடமோ காசோ தேவையில்லை என்று நம்புகிறவர்கள் பீடியைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பெண்களின் பீடிதான். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சுற்றுகிற பட்டறையில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலாளி காப்பகம் வைக்க வேண்டும் என்றது. ஏன் வைக்கச் சொன்னது? இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கிற தாயால் அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க முடியாது என்று நாடாளுமன்றத்துக்கே தெரிந்திருந்தது. அதே சட்டம் வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. காப்பகம் மட்டும் பட்டறைக் கட்டடத்துக்குத்தான். 1968இல் கேரளத்தில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தியதும் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பட்டறைகளை மூடிவிட்டுப் போனார்கள். வேலை இழந்தவர்கள் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் கூட்டுறவு வரவில்லை, பீடித் தட்டு வீட்டுக்கு வந்தது. அதே பெண், அதே இலை, அதே தூள், அதே பிள்ளை. பட்டறையில் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் காப்பகம் வேண்டும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வேண்டாம். திண்ணைக்கு வந்ததும் தாய்க்கு மூன்றாவது கை முளைத்துவிடுகிறதா?

தேயிலைத் தோட்டத்திலும் இதுதான் கதை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் காப்பகம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் நம் ஆட்கள் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவள் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவாள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டத்தில், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற நிறுவனங்களுக்கு இருந்தது. நூறு நாள் வேலைச் சட்டம் 2005இலேயே இன்னும் தெளிவாக எழுதியது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், வந்த பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்க்க நிறுத்த வேண்டும், அவளுக்கும் அதே கூலி. மண் வெட்டுகிறவளால் பிள்ளையைப் பார்க்க முடியாது, பிள்ளையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்ட பிறகு, தையல்காரியிடம் மட்டும் வேறு கணக்கு எப்படிச் செல்லும்?

மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு ஒரு வருடம். நல்லது. அவர்கள் போராடி வாங்கியது, அதில் ஒரு நாளையும் குறைக்க நான் சொல்லவில்லை. புன்னைக்காயலில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து வருகிற அக்காவுக்கும், கள்ளபிரான் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவளுக்கும், விடிகாலையில் இட்லிக் கொப்பரை ஏற்றுகிறவளுக்கும் விடுப்பு கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு முதலாளி அவர்களேதான். அவர்களுடைய பிள்ளை மட்டும் கைக்குழந்தையாக இல்லாமல் நேரே பள்ளிக்கூடப் பையனாகப் பிறந்துவிடுமா?

தையல் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியமே இருக்கிறது. அதில் பதிவு செய்தால் என்னென்ன கிடைக்கும் என்று எடுத்துப் பாருங்கள். மகப்பேற்றுக்கு உதவி உண்டு. பிள்ளையின் கல்விக்கு உண்டு. கல்யாணத்துக்கு, கண்ணாடிக்கு, ஓய்வூதியத்துக்கு, ஈமச்சடங்குக்குக்கூட உண்டு. பிள்ளை பிறந்ததற்கும் பள்ளிக்குப் போவதற்கும் நடுவில் கிடக்கிற வருடங்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. தாய் தொழிலை விட்டுவிடுவது அந்த வருடங்களில்தான். சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரால் அரசாங்கம் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறதே, அதற்கு வயது வரம்பு 20 முதல் 40. கைக்குழந்தை இருக்கிற வயது பார்த்து மெஷினைக் கொடுக்கிறார்கள். பிள்ளையை எங்கே விடுவது என்று விண்ணப்பத்தில் ஒரு வரி கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவசச் சீருடையைத் தைத்துக் கொடுப்பதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள்தான். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. ஊரார் பிள்ளைக்குச் சட்டை தைக்கிற நேரத்தில் அவள் பிள்ளை எங்கே இருந்தது என்று எந்த அதிகாரியாவது கேட்டிருப்பாரா?

"வீட்டில ஆச்சி இருக்காள்லா" என்பார்கள். அந்த ஆச்சியும் வாழைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். போகாத ஆச்சிக்கு முழங்கால் வலி. வாழ்நாளெல்லாம் உழைத்த கிழவியின் கடைசி வருடங்களையும் சம்பளமில்லாத ஆயா வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் குடும்பப் பாசம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சரி, வீட்டு முன்னறையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஆண்பிள்ளையிடம் யாராவது, "பிள்ளையப் பாத்துக்கிட்டே பஞ்சர் ஒட்டு" என்று சொல்வார்களா? அவன் வீட்டில் இருந்தால் அது கடை, அவள் வீட்டில் இருந்தால் அது சும்மா இருப்பது. "அதான் மாசம் ஆயிரம் ரூவா வருதே" என்று ஒரு சமாதானமும் கிளம்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத்தொகை, பெண்கள் வீட்டுக்காகக் காலமெல்லாம் செய்த ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசாங்கமே சொல்லித்தான் கொடுக்கிறது. பழைய பாக்கிக்குக் கொடுத்த காசை எடுத்துப் புதுச் செலவில் கழிக்காதீர்கள்.

சொந்தத் தொழில் செய்கிறவருக்குப் பிள்ளைப் பராமரிப்புச் செலவில் அரசு பங்கு போடுவது எங்கும் நடக்காத அதிசயமும் இல்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கிற நம் தமிழ்ப் பெண் ஒருத்தி சொந்தமாகத் தையல் தொழில் நடத்தினால், அரசு அனுமதி பெற்ற காப்பகத்துக்கு அவள் போடும் ஒவ்வொரு எட்டு பவுனுக்கும் அரசு இரண்டு பவுன் சேர்த்துப் போடுகிறது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 2,000 பவுன் வரை. தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட அவளுக்குத் தளர்த்தியிருக்கிறார்கள். அவளும் வீட்டில்தான் தைக்கிறாள். அவ்வளவு தூரம் போகப் பிடிக்காதவர்கள் அகமதாபாத் வரை போகலாம். 1972இல் எலா பட் தொடங்கிய சேவா சங்கம், சொந்தமாகத் தொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்காகவே உண்டானது. அந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டுறவு முறையில் காப்பகங்கள் நடத்துகிறார்கள். கர்நாடகம் 2023இல் கிராமப் பஞ்சாயத்துகளில் கூசின மனை என்று குழந்தைக் காப்பகங்களைத் தொடங்கியது.

நம்மிடம் திட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2022இல் மிஷன் சக்தி திட்டத்துக்குள் கொண்டுவந்த பால்னா காப்பகத் திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்கிறது. தாய் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்காமல் சேர்க்கவும் சொல்கிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நாடு முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்க, காப்பகத்தோடு சேர்ந்தவையாக்க வைத்த இலக்கு 17,000. ஏறக்குறைய எண்பது அங்கன்வாடிக்கு ஒன்று. இதற்கு முன்னால் ராஜீவ் காந்தி பெயரால் நடந்த காப்பகங்கள் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தன. பணம் வராமல் ஒவ்வொன்றாக மூடி, 2020க்குள் ஏழாயிரத்துக்கும் கீழே போயின. ஒருவரும் ரயில் மறியல் செய்யவில்லை. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைதான் அந்தக் கதவுகளைச் சத்தமில்லாமல் பூட்டியது.

எங்கள் பக்கத்துப் பால்வாடியில் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குள் பூட்டிவிடுவார்கள். கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாய் இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்த்துக்கொண்டு, மாலை ஆறரை வரை திறந்து வைக்க வேண்டும். நலவாரிய அட்டை வைத்திருக்கிற தாய்க்குப் பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரை மாதாமாதம் பராமரிப்புத் தொகை கொடுக்க வேண்டும், அவள் எங்கே உட்கார்ந்து தைக்கிறாள் என்று பார்க்காமல். இதைச் சொன்னால், அதே டீச்சரும் அதே ஆயாவும் கூடுதலாக இரண்டரை மணி நேரம் இருந்து பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டுவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. ஏற்கெனவே அவர்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று சொல்லித்தான் கணக்கை முடிக்கிறார்கள். அவர்களும் பெண்கள்தானே, பிள்ளை பார்ப்பது அவர்களுக்கு இயல்பு என்ற அதே பேச்சு அங்கேயும் வரும். கூடுதல் நேரத்துக்கு ஒவ்வொரு மையத்திலும் தனியாக இரண்டு பேரை, காலமுறைச் சம்பளத்தில், இந்த ஊர்ப் பெண்களிலிருந்தே எடுக்க வேண்டும்.