எந்த நேரம் வந்த நேரம்?

சென்ற பருவத்தில் நம் மன்றம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு மாலை 5 மணிக்குள் வந்தவையே ஏற்கப்படும் என்று அறிவித்திருந்தோம். முதலாண்டு மாணவர் ஒருவர் 4 மணிக்கே அனுப்பிவிட்டார். அவர் பெயரில் ழகரம் லகரமாகிக் கிடந்ததை இரவு 9 மணிக்கு நான் திருத்தினேன். மறுநாள் பட்டியலில் அக்கட்டுரை 9 மணிக்கு வந்ததாக நின்றது, தள்ளுபடியும் ஆயிற்று. குற்றம் அவருடையதா? அன்று, நிரல் எழுதிய என்னுடையது.

பைதானில் ஜாங்கோ கொண்டு எழுதுவோர்க்கு இரண்டு வசதிகள் உண்டு. ‘ஆட்டோ நவ் ஆட்’ என்பது பதிவு பிறக்கும்போது ஒருமுறை நேரத்தைக் குறித்துவிட்டு ஓய்ந்துவிடும். ‘ஆட்டோ நவ்’ என்பதோ சேமிக்குந்தோறும் பழைய நேரத்தை அழித்துப் புதியதை எழுதும். நான் இட்டது இரண்டாவதை! வந்த நேரம் வேறு, திருத்திய நேரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வேண்டும் என்பது என் துணிபு. இடம் வீணாகும் என்பார்க்கு ஒன்று சொல்வேன்: போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு நேரத்துக்கு 8 பைட்டே செலவு.

“தானாகக் குறிப்பதே வேண்டா, நாமே எழுதுவோம்” என்கிறார் நண்பர் ஒருவர். நான் உடன்படேன். கையால் எழுதினால் மறதியும் புகும்; வேண்டியவர்க்குச் சலுகையும் புகும். ஆயினும் பொறியைக் கண்மூடி நம்பவும் இயலாது. பல பதிவுகளை ஒருசேர ‘அப்டேட்’ செய்தால் ‘ஆட்டோ நவ்’ வாய் திறப்பதில்லை. ‘டிஃபால்ட்’ என்று நேரம் கேட்கும் ஃபங்ஷனைக் கொடுக்குமிடத்தில் பின்னால் அடைப்புக்குறியையும் இட்டுவிட்டால், நிரல் தொடங்கிய நேரமே பின்வரும் பதிவுகள் அனைத்திலும் ஒட்டிக்கொள்ளும். (இதனை ஒருமுறையேனும் செய்யாதார் நம் விடுதியில் உளரோ?)

நேரத்தை யூடிசியில் வைத்து, காட்டும்போது ஐந்தரை மணி கூட்டுவதே முறை. மண்டலம் சொல்லாத நேரத்தைத் தரும் ‘யூடிசிநவ்’வைக் கைவிடுமாறு 2023இல் வந்த பைதான் 3.12 எச்சரித்தது. நம்மவரோ பழைய நிரலைப் படியெடுத்து ஒட்டுவதை இன்னும் விட்டபாடில்லை.

சர்வரின் குறிப்பேட்டைப் புரட்டி 4 மணி என்று நான் கண்டபோது, நடுவர்கள் முடிவை அறிவித்துவிட்டிருந்தனர். அம்மாணவரின் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “அண்ணா, பெயரைத் திருத்தினீர்களே, அது போதும்” என்றார். எனக்குப் போதவில்லை. இப்பருவப் போட்டிக்குப் புலம் இரண்டாகிவிட்டது, அவரும் எழுதியிருக்கிறார்.