தோலைத் தொட்ட கைகள்

(இரண்டாம் ஆண்டு, வரலாறு)

நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் இவ்வாண்டும் ஒரு காட்சியைக் கண்டேன். கச்சேரி முடிந்ததும் பாடகருக்குப் பொன்னாடை. மிருதங்க வித்துவானுக்கும் பொன்னாடை. அரங்கம் அதிரக் கை தட்டினோம். அந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மறதியால் அன்று, பழக்கத்தால் என்பதே என் கருத்து.

மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. ஆனால் அதற்குக் குரல் தருவது தோல். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் அதற்கு வேண்டும். வலந்தலையின் நடுவே கரிய வட்டமாகத் தெரிவது கரணை. கல்லைப் பொடியாக்கிச் சோற்றுடன் பிசைந்து, பூச்சின்மேல் பூச்சாக இட்டுத் தேய்த்து அதை உருவாக்குகிறார்கள். அந்தப் பளுவினால்தான் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைக்குரிய விகிதத்தில் அமைகின்றன என்பதை சர் சி.வி. இராமன் 1920-லும் 1934-லும் ஆராய்ந்து எழுதினார். விஞ்ஞானி ஆய்வில் கண்டதைத் தொழிலாளியின் விரல்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தன.

நாதசுரத்தைப் பாருங்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிறார்கள். டி.என். இராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்தளித்த ரங்கநாதன் ஆசாரியின் பெயர் இன்றும் பேசப்படுகிறது. 2022-இல் அவ்வூர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சியே! ஆனால் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர்ப் பர்லாந்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய நூலினால்தான் எனக்கும் அது தெரிய வந்தது. மரத்தைக் கடைந்த கைக்குக் கிடைத்த பெயர், தோலைத் தொட்ட கைக்கு ஏன் கிட்டவில்லை? அக்கைகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களின் கைகள். விடை அதிலேயே இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஜப்பானில் கோயில் விழாக்களில் முழங்கும் தைகோ என்னும் பெருமுரசும் மாட்டுத் தோல் போர்த்ததே. அத்தோலைப் பதப்படுத்தியவர்களை அந்நாட்டுச் சமூகம் தீண்டத்தகாதவராக ஒதுக்கிற்று. 1871-இல் சட்டம் அந்த இழிநிலையை நீக்கியது. மனங்கள் அவ்வளவு விரைவில் மாறவில்லை. ஒசாகா நகரின் நானிவா பகுதியில் தலைமுறை தலைமுறையாக முரசு செய்து கொடுத்த அம்மக்களின் இளைஞர்கள், 1987-இல் தாங்களே முரசை ஏந்தி ஒரு குழு அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘இகாரி’. ‘சினம்’ என்பது அதன் பொருள். செய்த கையே முழக்கவும் துணிந்தபோது எழுந்த ஒலிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டோ?

“கருவி செய்தவனுக்குத்தான் கூலி கொடுத்தாயிற்றே, பொன்னாடை எதற்கு?” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். வித்துவானுக்கும் சன்மானம் கொடுக்கத்தானே செய்கிறோம்? அதற்கு மேலும் ஒரு பொன்னாடை போர்த்துவது ஏன்? பணத்தால் தீராத கடன் ஒன்று உண்டு என்பதால் அன்றோ? அக்கடன் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? “இத்தொழில் என்னோடு போகட்டும், என் மகனுக்கு வேண்டாம்” என்று ஒரு தந்தை எண்ணினால், அந்த எண்ணத்தை விதைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. அவர் மகன் வேறு தொழிலுக்குப் போவது அவன் உரிமை. ஆனால் அவமானத்துக்கு அஞ்சி அவன் போகக் கூடாது.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முத்தமிழ் விழாவுக்கு மிருதங்கம் செய்யும் ஒருவரை அழைப்போம். அழைப்பிதழில் அவர் பெயரை வித்துவான் பெயருக்கு நிகராக அச்சிடுவோம். மேடையில் நாற்காலி தந்து, கரணை இடும் முறையை அவரே நமக்கு விளக்கட்டும். இயற்பியல் மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். பெரிய செலவு ஏதும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை.

அடுத்த ஆண்டு மலரில் அவர் பெயரை எழுத எனக்கு வாய்ப்புத் தாருங்கள்.