தீக்காய நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதில் இவ்வளவு ஆபத்தா? ஒரு நிமிட 'செக்லிஸ்ட்' ஏன் அவசியம்?

பலத்த தீக்காயத்துடன் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சுன்னா, பெரிய கண்டம் தாண்டிவிட்டதாகவே குடும்பத்தினர் நினைப்பார்கள். ஆனால், வார்டில் அவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும் சில நொடிகள்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

அப்படியானால் திருப்பாமலே இருக்கலாமா?

முடியாது. ஒரே நிலையில் கிடந்தால் படுக்கைப் புண் வரும், நுரையீரலில் சளி தேங்கும், மூட்டுகள் இறுகிவிடும். அதனால் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுவது வழக்கம்.

ஆபத்து எங்கே?

முகம் வெந்தவர்களுக்குத் தொண்டை வரை வீங்கும். சுவாசக் குழாய் நழுவினால் மறுபடி போடுவது மிகக் கடினம். வெந்த தோலில் பிளாஸ்திரியும் சரியாக ஒட்டாது. படுக்கையில் இழுத்து நகர்த்தினால், புதிதாக வைத்த ஒட்டுத்தோலும் பிய்ந்து போகலாம்.

சிவகிரி போன்ற ஊர்களுக்கு ஏன் முக்கியம்?

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஒருவருக்குப் பலத்த தீக்காயம் என்றால், முதலுதவிக்குப் பின் தென்காசி, நெல்லை என அடுத்தடுத்து அனுப்பப்படலாம். ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், கட்டில் என ஒவ்வொரு இடத்திலும் தூக்கி மாற்றணும். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 2012 செப்டம்பர் 5-ம் தேதி நடந்த முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்கள் சிவகாசியிலிருந்து மதுரை வரை பல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

செக்லிஸ்ட்டில் என்ன இருக்கும்?

• வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்ய நேரம் விட்டாச்சா?
• சுவாசக் குழாயைப் பிடிக்கத் தலைமாட்டில் ஒருவர் நிற்கிறாரா? அவர் சொன்ன பிறகே திருப்ப வேண்டும்.
• டிரிப்ஸ், சிறுநீர்க் குழாய் எதிலும் சிக்காமல், இழுபடாமல் இருக்கிறதா?
• ஒட்டுத்தோல் எந்தப் பக்கம்? இழுக்காமல் விரிப்போடு தூக்க ஆள் போதுமா?
• திருப்பிய பின் குழாய் பழைய அளவிலேயே இருக்கிறதா? ஆக்சிஜன் அளவு சரியா? கழுத்தில் காயம் இருந்தால் தலையணை எடுத்தாச்சா? (தலையணை வைத்தால் தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு இழுபடலாம்.)

இது உண்மையிலேயே பலன் தருமா?

அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்ச செக்லிஸ்ட்டை வெளியிட்டது. டெல்லி உள்பட 8 நகரங்களில் நடந்த சோதனையில், உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு முடிவு வெளியானது. ஆனால் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், பெரிய மாற்றம் தெரியவில்லை. 'டிக்' அடித்தால் போதுமா, குழுவே நின்று சத்தமாகப் படித்துச் சரிபார்க்க வேண்டாமா என்ற விவாதம் அப்போது எழுந்தது. இவை ஆபரேஷன் தியேட்டர் கணக்குகள்தான் என்றாலும், தீக்காய வார்டுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

உறவினர்கள் என்ன செய்யலாம்?

நம் ஊர் வார்டுகளில் திருப்பக் கை கொடுப்பது பல நேரம் உடன் இருக்கும் சொந்தக்காரர்கள்தான். நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் நீங்களாகத் திருப்பாதீங்க, நர்ஸைக் கூப்பிடுங்க. "வலி மருந்து கொடுத்தாச்சா சிஸ்டர்? தலைப் பக்கம் யார் பிடிக்கிறாங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை.