மின்சாரக் காரும் மாடி வீடும்



மின்சாரத்தால் ஓடும் கார்கள் நம் நாட்டுச் சாலைகளில் பெருகி வருகின்றன. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனமும் தன் முதல் மின்சாரக் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. தோட்டத்துப் பள்ளி மலரில் இதற்கென்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். தோட்டத்தை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் முன்னாள் மாணவர் பலர் இன்று பினாங்குத் துறைமுகத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றனர். அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

50 யூனிட் கொள்ளும் கார் மின்கலத்தைச் சாதாரண மூன்று முனைச் செருகியின் வழி நிரப்ப ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். 7 கிலோவாட் மின்னேற்றுப் பெட்டியை வீட்டுச் சுவரில் பொருத்தினால் ஓரிரவு போதும். பொது இடங்களிலுள்ள விரைவு நிலையங்களிலோ ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பகுதி நிரம்பிவிடும். அவ்விரைவுக்கு விலையுண்டு. வீட்டில் ஒரு யூனிட் சுமார் அரை வெள்ளி; விரைவு நிலையத்தில் ஒரு வெள்ளிக்கும் மேல்.

வீட்டில் ஏற்றுவதே மலிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் எவர் வீட்டில்? தரைவீட்டுக்காரர் தம் வாசலிலேயே ஏற்றிக்கொள்வார். ரைபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடியில் 10ஆம் மாடியில் வாழ்பவர் தம் வீட்டு மின்சாரத்தைக் கீழே கொணர்வது எங்ஙனம்? (சன்னல் வழியே நீட்டுக் கம்பி இறக்கும் கெட்டிக்காரரும் இருப்பர். கம்பி சூடேறித் தீப்பற்றக் கூடும், அறவே வேண்டா.) வசதியுள்ளவர் அரை வெள்ளிக்குப் பெறுவதை வசதியற்றவர் இரு மடங்கு விலை கொடுத்து வாங்குவது முறையன்று.

இந்நகருக்கு மின்சார வண்டி புதியதுமன்று. 1906இல் இங்கு மின்சார டிராம் ஓடிற்று. பின்னர் வந்த, மேல்கம்பியைத் தொட்டபடி ஓடும் மின்சாரப் பேருந்துகள் 1961 வரை ஓடின. அன்று மின்சாரம் தெருவிலேயே இருந்தது. ஏறியவர் மாளிகைவாசியா, கூலியாளா என்று அது கேட்கவில்லை.

ஆதலின், பேரங்காடிகளில் விரைவு நிலையங்களை நிறுவினால் மட்டும் போதாது. அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடங்களில், குறைந்த கட்டணத்தில் மெதுவாக ஏற்றும் சிறு கம்பங்களே முதலில் வேண்டும் என நாம் கருதுகின்றோம். இரவு முழுதும் நின்றிருக்கும் காருக்கு விரைவு எதற்கு? பழைய கட்டடத்தின் மின்கம்பிகள் தாங்குமா என்னும் கேள்வி நியாயமானதே. அதனைத் தகுதி பெற்ற மின்பணியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். உள்ள மின்சாரத்தைப் பல கார்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

பொது நிறுத்துமிடத்தில் எதனை நிறுவவும் அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் இசைவு வேண்டும். அக்குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு நம்மவர் பெரும்பாலும் செல்வதில்லை. அடுத்த அறிவிப்பு மின்தூக்கியருகே ஒட்டப்படும்போது, கம்பம் வேண்டுமென்னும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கூட்டத்திற்கும் செல்க. இன்று கார் இல்லாதவரும் செல்க.